நார்மல் கிரம்மின் நாக்கு

வெண்டல் கிரம்முக்கு ஊரில் நார்மல் என்று பெயர். கிண்டலுக்கு வைத்த பெயர் இல்லை, பட்டம். பிளசண்ட் ஃபோர்க் ஊரில் தீயணைப்புப் படைத் தலைவனுக்குக்கூட அப்படி ஒரு மரியாதை கிடையாது.

பட்டம் வந்த கதை இது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், மாவட்டப் பொருட்காட்சியில் பன்றிகளுக்குப் பரிசு கொடுக்கிற கொட்டகைக்குப் பக்கத்தில் ஓர் உணவுக் கம்பெனிக்காரர்கள் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். போகிற வருகிற ஆட்களை நிறுத்திக் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார்கள். கிரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். பிள்ளைகள் இரண்டு, நாய் ஒன்று. மாவட்ட ரோட்டு இலாகாவில் லாரி ஓட்டுகிறான். கோடையில் குழி அடைப்பான், குளிர்காலத்தில் பனி வாருவான். சர்ச்சுக்குப் போவான், ஆனால் கடைசி வரிசை. காரம் பிடிக்குமா என்று கேட்டதற்கு, "மிளகு போட்டுக்குவேன், விசேஷ நாள்ல" என்றான். கேள்வி கேட்ட பெண் காகிதத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், ஓடிப்போய் இன்னொருத்தியைக் கூட்டி வந்தாள். நாட்டு ஜனங்களை எல்லாம் கூட்டி வகுத்தால் வருகிற ஆசாமி, கையில் சோளக்கதிரோடு பன்றிக் கொட்டகை ஓரமாக நின்றுகொண்டிருந்தான்.

அன்றிலிருந்து மாதம் பிறந்து முதல் செவ்வாய்க்கிழமை அவன் கம்பெனிக்குப் போய் ருசி பார்க்க வேண்டும். அங்கே சின்னச் சின்னத் தடுப்பு அறைகள். கலர் தெரியக்கூடாது என்று சிவப்பு விளக்கு போட்டிருப்பார்கள். எதிரே சுவரில் ஒரு சின்னக் கதவு. அது திறக்கும், ஒரு கை மட்டும் வரும், மூன்று இலக்க நம்பர் போட்ட வெள்ளைக் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போகும். சாப்பிட்டு, ஒன்றிலிருந்து ஒன்பதுவரை ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். ஒன்று என்றால் துப்ப வேண்டியது; ஒன்பது என்றால் சொர்க்கம். நடுவில் ஒரு வாய் தண்ணீர், ஒரு உப்பில்லாத பிஸ்கட். பேசக்கூடாது, சென்ட் பூசக்கூடாது, உள்ளே தின்றதை வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வேறு. கிரம் பெரும்பாலும் ஏழு போடுவான். அவன் ஏழு போட்ட சிப்ஸும் மெக்கரோனியும் ஆறு மாதத்தில் நாடு முழுக்கக் கடைக்கு வந்துவிடும்.

டோனா கடையில் காலைக் காபிக்கு உட்கார்ந்தால் தீவன வியாபாரி ஸ்கிப் லோரி கேட்பான்.

"நார்மல், எந்தக் கெட்சப்புடா வாங்கட்டும்?"

"சிவப்பா இருக்கறத வாங்கு."

இதையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டு போவான். தேர்தல் வந்தால் இரண்டு கட்சிக்காரனும் கிரம்முக்குத்தான் முதலில் காபி வாங்கிக் கொடுப்பான். கிரம் இரண்டு காபியையும் குடித்துவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டான். சும்மா சொல்லக்கூடாது, அவனுக்கும் உள்ளூரப் பெருமைதான். அவன் தம்பிக்குப் படகு இருக்கிறது. மச்சானுக்கு ஏரிக்கரையில் வீடு இருக்கிறது. பௌலிங் போட்டியில் கிரம் ஒரு கோப்பைகூட வாங்கியதில்லை. ஊரில் சாதாரண ஆட்கள் எத்தனையோ பேர், அதற்கு அத்தாட்சி வைத்திருந்தவன் அவன் ஒருத்தன்.

இந்தப் பிழைப்புக்கு வேட்டு வைத்தது ஒரு முள்ளங்கி.

பக்கத்து வீட்டுக்குப் பிஷ்ணுமாயா கதிவாடா குடிவந்து அப்போது மூன்று வருஷம். ஐம்பது வயது, கிரம்மின் நெஞ்சு உயரம்கூட இல்லை. பூட்டானில் பிறந்து, விரட்டப்பட்டு, நேபாளத்தில் அகதி முகாமில் இருபது வருஷம் மூங்கில் குடிசையில் இருந்து, பிறகு ஒஹாயோவுக்கு வந்தவள். புருஷன் சரக்குக் கிட்டங்கியில் பெட்டி ஏற்றுகிறான். அவர்கள் வந்த வாரம் டோனா கடையில் இதே பேச்சு.

"மலை ஜாதிடா. குங்ஃபூ தெரிஞ்சிருக்கும்," என்றான் ஸ்கிப்.

"சும்மா இருடா. அந்தம்மா குப்பைத்தொட்டிய உருட்டிக்கிட்டு வரவே மூச்சு வாங்குது," என்றான் கிரம்.

"அதான் அவங்க டெக்னிக்கு."

அந்தப் பக்கமும் லேசுப்பட்டதில்லை. முகாமை விட்டுக் கிளம்பும்முன் பிஷ்ணுமாயாவுக்கு மூன்று நாள் பாடம் நடத்தியிருந்தார்கள். அமெரிக்காக்காரன் எப்போதும் சிரிப்பான். போன் பண்ணாமல் வீட்டுக்கு வந்தால் போலீசைக் கூப்பிடுவான். ரொட்டி மட்டும் தின்பான். இதை நம்பி, ஒரு வருஷம்வரை அவள் வேலியோரம் நிற்கிற கிரம்முக்கு முதலில் போன் பண்ணிவிட்டுத்தான் "குட் மார்னிங்" சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜனவரியில் ஒன்றரை அடி பனி கொட்டியது. பனி வாருகிற லாரிக்காரன் அக்கம்பக்கத்து வாசலையும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்கு நன்றி சொல்ல வேண்டாம், கையை ஆட்டினால் போதும். பிஷ்ணுமாயாவுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. ரப்பர்ச் செருப்போடு பனியில் ஓடி வந்து லாரியை நிறுத்தி, ஒரு கண்ணாடி ஜாடியை நீட்டினாள். கோடையில் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே அடுக்கி வெயில் காட்டிய முள்ளங்கி ஊறுகாய்.

"அண்ணா, சாப்பிட்டுப் பாருங்க."

"வீட்டுல போயி சாப்பிடுறேங்க."

"இப்பவே. நான் நிக்கறேன்."

சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற பெண்பிள்ளையிடம் வேண்டாம் என்று சொன்ன ஆண்பிள்ளை எங்கள் மாவட்டத்தில் இன்னும் பிறக்கவில்லை. கிரம் கையுறையைக் கழற்றி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டான். முதலில் கடுகெண்ணெய் மூக்கைத் தூக்கியது. பிறகு மிளகாய். அதற்குப் பின்னால், பல் டாக்டர் ஊசி போட்டதுபோல நாக்கை மரத்துப்போக வைக்கிற ஏதோ ஒரு மலை மிளகு. கண்ணீர் வழிந்து கன்னத்திலேயே உறைந்தது.

"எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லாருக்கு."

"அழறீங்களே?"

"குளிரு."

அத்தோடு போயிருக்க வேண்டியது. மத்தியானம் லாரியிலேயே உட்கார்ந்து பெண்டாட்டி நேடீன் கட்டிக் கொடுத்த பன்றிக்கறி ரொட்டியைக் கடித்தான். இருபத்தெட்டு வருஷமாகத் தின்கிற ரொட்டி, அன்றைக்குத் துணியை மென்றதுபோல் இருந்தது. கை தானாக ஜாடியைத் திறந்தது. மறுநாள் முட்டைக்குக் கேட்டது, அதற்கு மறுநாள் உருளைக்கிழங்கு மசியலுக்கு. ஜாடி காலியாகிறதுக்குள் பிஷ்ணுமாயா அடுத்ததை வேலிமேல் வைத்துவிடுவாள். பிப்ரவரி கடைசியில் ஆப்பிள் பணியாரத்துக்கே ஒரு துண்டு வைத்துத் தின்றான். இதை அவன் நாயிடம்கூடச் சொன்னதில்லை.

மார்ச் முதல் செவ்வாய் வந்தது. சிவப்பு விளக்கு, சின்னக் கதவு, 417 என்று போட்ட கிண்ணம். சீஸ் மெக்கரோனி. கிரம் வாயில் போட்டான். ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் போட்டு, கண்ணை மூடி, தேடிப் பார்த்தான். ஈரமாக இருந்தது, சூடாக இருந்தது, அவ்வளவுதான். எதற்கும் இருக்கட்டும் என்று எட்டு போட்டான். நாலாவதாக 903 வந்தது. அதுவும் ஈரம், அதுவும் சூடு. இந்தத் தடவை யோசிக்கிறதுக்குள் விரல் மூன்றை அமுக்கிவிட்டது.

அந்தப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற மிஸ் டெட்வைலர் அவனைத் தனியாகக் கூப்பிட்டாள். ஒரு மயிர் வெளியே நீட்டாமல் கொண்டை போட்ட பெண்மணி.

"மிஸ்டர் கிரம், 417-க்கு எட்டு. 903-க்கு மூணு."

"ஆமாங்க. 417 கொஞ்சம் தேவலாம்."

"ரெண்டும் ஒரே சட்டியில அள்ளினது. ஆளைச் சரிபாக்கத்தான் அப்படி வைக்கறது."

கிரம் கொஞ்சம் யோசித்தான். "மூணு போட்டது அடியில அள்ளினதா இருக்கும்."

"உடம்புக்கு ஏதாவது?"

"சளிங்க."

"சரி, ஏப்ரல்ல பாப்போம். அப்பவும் நாக்கு இப்படித் தடுமாறினா உங்க நாற்காலிக்கு வேற ஆளத்தான் பாக்கணும். தப்பா நினைச்சுக்காதீங்க. எங்களுக்கு நார்மலான ஆளு வேணும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நார்மல் என்ற அந்த வார்த்தை கூடவே வந்தது. நார்மல் போய்விட்டால் வெறும் கிரம். வெறும் கிரம் என்றால் யார்? படகு இல்லாத ஒரு லாரிக்காரன்.

போதாததற்கு, இரண்டு நாள் கழித்து லாரி சீட்டுக்கு அடியிலிருந்து நேடீன் ஒரு ஜாடியை எடுத்துவிட்டாள். காரேஜில் வழிமறித்து நின்றாள்.

"ரெண்டு மாசமா பாக்கறேன். சாப்பிட்டதும் காரேஜுக்குள்ள ஓடற. வரும்போது மூஞ்சி செவந்து, கண்ணு கலங்கி வர்ற. சட்டையில ஒரு மாதிரி எண்ணெய் வாசனை. வாயைத் தொறந்து சொல்லு வெண்டல், யாரு அவ?"

"முள்ளங்கி," என்றான் கிரம்.

நேடீன் ஜாடியைத் திறந்து முகர்ந்தாள். தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"பொம்பளையா இருந்திருந்தா நானே பேசித் தீர்த்திருப்பேன். இதுக்கு நான் என்ன பண்றது?"

"ஏப்ரல்வரைக்கும் என் கண்ணுல காட்டாத. அது போதும்."

அன்றிலிருந்து பத்தியம். காலையில் பாலில் ஊறிய அவல், மத்தியானம் வெள்ளை ரொட்டி, ராத்திரிக்கு வேகவைத்த கோழி. பிரசவமான பெண்ணைக் கவனிப்பதுபோல நேடீன் கவனித்தாள். உப்புப் போட்ட பட்டாணி பச்சைத் தண்ணீர்போல இருந்தது. பிஷ்ணுமாயா வேலிமேல் வைத்த ஜாடி எடுக்க ஆளில்லாமல் மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தது. நாலாம் நாள் அவள் போனும் பண்ணாமல் நேரே வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அண்ணா, எம்மேல என்ன கோவம்?"

"கோவமெல்லாம் இல்லீங்க. டாக்டரு..."

"டாக்டரா? அப்ப எங்க சாப்பாடு வேணாம். வீட்டுக்கு வாங்க, உங்க சாப்பாடு செஞ்சு போடறேன். ரெண்டு பேரும் வரணும்."

போனார்கள். மேஜையில் மூன்று தட்டு. அட்டைப்பெட்டியில், கூடவே மஞ்சள் தூள் பொட்டலத்தோடு வருகிற மலிவுச் சீஸ் மெக்கரோனி. பெட்டியில் போட்டிருந்தபடியே, ஒரு சிட்டிகை கூடுதல் இல்லாமல், கடிகாரம் பார்த்துக் கிண்டியிருந்தாள். பிஷ்ணுமாயா முதல் கரண்டியை வாயில் வைத்துக் கண்ணை மூடினாள். தோள் இரண்டும் தளர்ந்து இறங்கின. இருபது வருஷம் ரேஷன் அரிசியும் பருப்பும் தின்றவள், இந்த நாட்டில் இறங்கிய முதல் ராத்திரி அகதிகளைக் குடியமர்த்துகிற ஏஜென்சிக்காரப் பெண் கொடுத்த சாப்பாடாம் அது. அன்றைக்குப் பிடித்த மோகம் இன்றைக்கும் விடவில்லை.

"ஊறுகா வச்சுக்கலியா?" என்று கிரம் மெதுவாகக் கேட்டான்.

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "இதுக்கா? ஐயய்யோ! இவ்வளவு நல்ல சாப்பாட்ட யாராவது கெடுப்பாங்களா?"

நேடீன் குனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பு முட்டியது.

"உங்களுக்கு எப்படி இருக்கு அண்ணா?"

"ரொம்ப நல்லாருக்கு."

"பொய்," என்றாள் பிஷ்ணுமாயா. "அன்னிக்குக் கண்ணுல தண்ணி ஊத்த ஊத்தவும் இதே ரொம்ப நல்லாருக்குதான். இன்னிக்கு வைக்கோலைத் திங்கற மாடு மாதிரி மெல்லறீங்க, இதுக்கும் ரொம்ப நல்லாருக்கு. சர்ச்சுல சாப்பாடு போட்டப்ப நானும் பாத்தேன். பச்சை ஜெல்லிக்குள்ள கேரட்டு போட்டு ஒரு அம்மா கொண்டு வந்தாங்க. எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னீங்க. சட்டி அப்படியே திரும்பிப் போச்சு. நீங்கல்லாம் நல்லா இல்லைன்னு சொல்லவே மாட்டீங்களா?"

"அது... கஷ்டப்பட்டு செஞ்சிருப்பாங்கல்ல," என்றான் கிரம்.

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. இருபத்திரண்டு வருஷமாகப் போட்ட அந்த ஏழு ஒவ்வொன்றும் வரிசையாக நினைவுக்கு வந்தது. கதவு திறக்கும். ஒரு கை வரும். ஒருகாலத்தில் நீளமாக வளர்த்த நகம். பிறகு மோதிரம் வந்தது. அப்புறம் நடுவிரலில் பிளாஸ்திரி போட்ட வேறொரு கை. யாரோ காலையிலிருந்து நின்று சமைத்துக் கிண்ணத்தில் வைத்து நீட்டுகிறாள். அவள் முகத்தில் அடித்தாற்போல நாலு போடுவதா? வளர்த்த விதம் அப்படி. ஏழு என்பது ருசிக்குப் போட்டது இல்லை, அந்தக் கைக்குப் போட்டது. அந்த மரியாதையை நம்பித்தான் நாடு முழுக்க மெக்கரோனி விற்றிருக்கிறது.

ஏப்ரல் முதல் செவ்வாய், கிரம் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனான். இருபத்தாறு நாள் பத்தியத்துக்கு ஒரு பலனும் இல்லை. நாக்கு பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. முதல் கிண்ணம் வந்தது. கை பின்வாங்குகிறவரை காத்திருந்தான். "மன்னிச்சுக்கோ தாயி" என்று முணுமுணுத்துவிட்டு மூன்றை அமுக்கினான். அடுத்ததற்கும் மூன்று. அதற்கடுத்ததற்கு இரண்டரை போட இடமில்லாததால் மூன்று. எழுந்து வெளியே வரும்போது இழுக்க வேண்டிய கதவைத் தள்ளிக்கொண்டு நின்றான். உண்மை பேசிப் பழகாத இடத்தில் பேசினால் அப்படித்தான்.

மிஸ் டெட்வைலர் காகிதத்தை இரண்டு தடவை பார்த்தாள்.

"இந்தத் தடவை தடுமாற்றம் இல்லை. எல்லாம் மூணு."

"நாக்கு சரியாத்தான் இருக்குதுங்க. அதுக்குப் பிடிக்கலை."

"அப்ப நீங்க எங்க ஆளு இல்லை மிஸ்டர் கிரம். சாதாரண ஜனத்துக்கு இது பிடிக்கும்." கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினாள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், அவளுக்கும் சங்கடம்தான். "உங்க தெருவுல உங்க வயசுல யாராவது இருக்காங்களா? ருசி தெரிஞ்சு, உள்ளத உள்ளபடி சொல்றவங்க?"

கிரம் சுவரில் மாட்டியிருந்த தன் பழைய போட்டோவைப் பார்த்தான். அதில் முடி இருந்தது. ஸ்கிப் பெயரைச் சொல்லலாம். ஸ்கிப் நாற்காலியில் உட்கார்ந்தால் ஊர்ப்பட்டம் ஊருக்குள்ளேயே சுற்றும். ஆனால் ஸ்கிப்பும் சர்ச்சில் அந்த ஜெல்லியைப் புகழ்ந்தவன்தான்.

"ஒரு அம்மா இருக்காங்க," என்றான். "மாட்டுக்கறி தொட மாட்டாங்க. மத்தபடி நீங்க இந்த நாட்டுல எங்க தேடினாலும் அப்படி ஒரு நாக்கு கிடைக்காது."

மே மாதம் முதல் செவ்வாய் பிஷ்ணுமாயாவைத் தன் வண்டியிலேயே கூட்டிப் போனான். அவள் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்தியிருந்தாள். வாசலில் இறங்கும்போது முகம் வெளுத்திருந்தது.

"அண்ணா, அமெரிக்காக்காரங்க மாதிரி சாப்பிடணுமா? சிரிச்சுக்கிட்டே?"

"அங்க வெறும் செவப்பு லைட்டுதான், அதுவும் தடுப்புக்குள்ள. யாரு பாக்கப்போறா? போயி தின்னுட்டு வாங்க."

கிரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். அந்தக் கட்டடத்தை வெளியிலிருந்து இவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை. நாற்பது நிமிஷம் கழித்துப் பிஷ்ணுமாயா வந்தாள். வந்த வேகத்தைப் பார்த்தால் உள்ளே யாரையோ அடித்துவிட்டு வந்தவள்போல இருந்தது. கதவை டமாரென்று சாத்தினாள்.

"வெளிய சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. அதனால நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா மூணாவதா குடுத்தாங்களே, அதுல உப்பு எங்க? உருளைக்கிழங்க இப்படியா வறுப்பாங்க? ரெண்டு போட்டேன்."

"ரெண்டா?" கிரம் பதறிப்போனான். "நான் பொறந்ததுலேருந்து யாருக்கும் ரெண்டு போட்டதில்லீங்க!"

"முதல்ல ஒண்ணுதான் அமுக்கப் போனேன். பாவம்னு விட்டேன்."

நாற்காலி போன செய்தி டோனா கடைக்கு எட்டியதும் இரண்டு வாரம் துக்கம் விசாரித்தார்கள். யார் அதில் உட்கார்ந்தது என்று கேட்டதற்குக் கிரம் வாயைத் திறக்கவில்லை. பட்டத்தை மட்டும் ஊரார் எடுக்கவில்லை. எடுத்தால் வேறு பெயர் தேட வேண்டும், அதற்கு யாருக்கும் பொறுமை இல்லை. கிரம் தைரியமாகச் சட்டைப் பையிலேயே ஊறுகாய் கொண்டுபோய், டோனா போடுகிற முட்டையில் வைத்துத் தின்ன ஆரம்பித்தான். டோனா ஒருநாள் ஒரு துண்டு கேட்டாள். ரொம்ப நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் ஓடினாள்.

அடுத்த ஜனவரியில் ஸ்கிப் ஒரு சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து மேஜை நடுவில் வைத்தான்.

"நார்மல், இதத் தின்னு பாரு. பழைய கம்பெனிதான், இப்ப மாத்திட்டான். உப்பு, மொறுமொறுப்பு எல்லாம் அளவா இருக்கு. இத்தனை வருஷத்துல இப்பதான்டா நம்ம நாக்கு தெரிஞ்ச ஒருத்தன், நம்ம ஆளு, நல்ல அமெரிக்காக்காரன் எவனோ உள்ள போயி நறுக்குன்னு சொல்லியிருக்கான்."

கிரம் ஒன்றை எடுத்துத் தின்றான். அவனுக்கு அது வெறும் உருளைக்கிழங்காகத்தான் இருந்தது.

"அந்த ஆள எனக்குத் தெரியும்," என்றான்.

"யாருடா?"

"உன் தோளுக்குக்கூட வரமாட்டாங்க. ஞாயித்துக்கிழமை பூரா போன்ல சீரியல் பாத்து அழுவாங்க. எங்க பக்கத்து வீடு."

ஸ்கிப்பின் கை பொட்டலத்துக்குள்ளேயே நின்றது. டோனா காபிக் கெண்டியோடு அப்படியே நின்றாள்.

"அந்தக் குங்ஃபூம்மாவா?"

"பேரைச் சொல்லு. பிஷ்ணுமாயா கதிவாடா."

"பிஸ்... பிஸ்கு..."

"பிஷ்ணு."

ஸ்கிப் இன்னும் இரண்டு சிப்ஸை வாயில் போட்டு மென்றான். பிடித்துத்தான் இருந்தது, முகத்தில் தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முயன்றான். பெயர் கதிகலங்கிப்போய் எங்கோ நின்றது. மேஜையில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு விதமாக எடுத்துக் கொடுத்தார்கள். மூன்றாவது தடவை ஏறக்குறைய வந்துவிட்டது.